சத்திரம் – 101 ரூபாய்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. மார்ச் கணக்கு முடிப்பு, அதுக்குப் பின்னாடியே ஆடிட்டு, நடுவுல தங்கமணிக்கு வைரல் காய்ச்சல். "என்னப்பா, கடையைச் சாத்திட்டியா?" என்று ஊர்க்கார நண்பர் ஒருத்தர் போன் போட்டே கேட்டுவிட்டார். சாத்தலை. எழுத ஒரு விஷயம் இருந்தது, எழுதலாமா வேண்டாமா என்றுதான் தெரியவில்லை.

வழக்கம்போல கொசுவத்திச் சுருளைச் சுத்த ஆரம்பிக்கிறேன். இந்தத் தடவை சுருள் கொஞ்சம் நீளம். தஞ்சாவூர் அரண்மனை வரைக்கும் போகும். பொறுத்துக்குங்க.

ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் மகளுக்கு ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். ஆறாம் வகுப்பு. நாலு தலைமுறைக் குடும்ப மரம், பெரிய சார்ட்டில் வரைந்து, போட்டோ ஒட்டி, வகுப்புச் சுவரில் மாட்ட வேண்டும். பெங்களூரில் வளரும் நம்ம பிள்ளைகளுக்கு ஊரும் உறவும் தெரிய இது ஒரு நல்ல வழி என்று நானும் உற்சாகமாக உட்கார்ந்தேன். தாத்தா, அப்பாயி, அம்மாயி, பெரியப்பா, அத்தை என்று பெட்டி பெட்டியாகப் போட்டு முடித்தோம். கடைசியில் அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டே, "அப்பா, அவ்ளோதானா? யாரையும் விட்டுடலையே?" என்றாள்.

"அவ்வளவுதான்டா" என்றேன்.

இருபது வருஷத்துக்கு மேல பேங்க்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்தே தப்பான ஸ்டேட்மெண்ட்டில் கையெழுத்துப் போட்ட மாதிரி அன்றைக்குத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கமான நடை. ஹனுமந்தநகரில் ஒரு குன்று இருக்கிறது. மேலே குமாரசுவாமி கோயில். முருகன் என்பதால் கிருத்திகை அன்று நம்ம தமிழ் ஆட்கள் நிறையப் பேரைப் பார்க்கலாம். அந்தக் குன்றுக்கு 'மவுண்ட் ஜாய்' என்று ஒரு பேர், 'நரஹரிராயன குட்ட' என்று இன்னொரு பேர். கூட நடக்கிறவர் ரிட்டயர்டு கன்னட அதிகாரி. கீழே தர்ஷினியில் பை-டூ காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "இந்த நரஹரி ராவ் யாரு தெரியுமா? மைசூர் சமஸ்தானத்துல ஜட்ஜா இருந்தவர். உங்க திருவையாறுல தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டினாங்களே, பெங்களூர் நாகரத்தினம்மா, அவங்களை ஆதரிச்சவர்."

ஆதரிச்சவர். எவ்வளவு நாசூக்கான வார்த்தை பாருங்க. நம்ம மொழியிலும் இதற்கு ஏகப்பட்ட வார்த்தை உண்டு. ராஜா வைத்துக்கொண்டால் ஆசைநாயகி. ஜமீன்தார் வைத்துக்கொண்டால் அபிமான ஸ்த்ரீ. நெல் மண்டிக்காரர் வைத்துக்கொண்டால் சின்ன வீடு, தொடுப்பு, அதற்குக் கீழே இன்னும் மோசமாக நாலு. எல்லாமே அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர்கள்தான். வைத்துக்கொண்டவருக்கு மட்டும் அவர் பெயரே பெயர். அதோடு குன்றும்!

எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்க ஊர். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற வழியில் ஒரத்தநாடு. அங்கே ஒரு பெரிய சத்திரம் இருக்கிறது. முத்தாம்பாள் சத்திரம். பக்கவாட்டில் தேர் மாதிரி சிற்ப வேலை. சின்ன வயதில் அந்தக் கல் குதிரையையும் யானையையும் எண்ணிக்கொண்டிருப்போம். முத்தாம்பாள் யார் என்று கேட்டால் "ராணி" என்பார்கள். ராணி இல்லை. மன்னர் இரண்டாம் சரபோஜியின் ஆசைநாயகி.

நான் பி.காம் படித்தது தஞ்சாவூரில் அந்த சரபோஜி மன்னர் பெயரில் இருக்கிற அரசுக் கல்லூரியில்தான். மூணு வருஷம் அவர் பெயரை நோட்டு அட்டையில் எழுதியிருக்கிறேன். முத்தாம்பாளைப் பற்றி ஒரு வரி யாரும் சொன்னதில்லை. பின்னாளில் நானாகத் தேடிப் படித்ததுதான்.

சரபோஜி 1798-ல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே, 1799-ல், கம்பெனியோடு ஒப்பந்தம். ராஜ்ஜியத்தின் நிர்வாகம் கம்பெனிக்கு. ராஜாவுக்குக் கோட்டையும், வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகனும், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். எங்க பாஷையில் சொன்னால், முதலாளி தன் சொந்தக் கம்பெனியிலேயே பென்ஷன் வாங்குகிறவர் ஆகிவிட்டார். அப்படிப்பட்ட காலத்தில்தான் இந்தச் சத்திரம் எழும்பியது. முத்தாம்பாள் இளம் வயதிலேயே இறந்துபோனவள். சாகிற நேரத்தில், "என் பேர்ல அன்னசத்திரம் கட்டுங்க" என்று கேட்டுக்கொண்டாள் என்பார்கள். 1802-ல் சத்திரம் திறக்கப்பட்டது. ஊருக்கே முத்தாம்பாள்புரம் என்று பேர்.

தஞ்சை மராட்டிய அரசர்கள் ராமேஸ்வரம் போகிற பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டியிருக்கிறார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள்புரம் மாதிரி, முக்கால்வாசி அரண்மனைப் பெண்கள் பெயரில்தான். இந்தச் சத்திரங்கள் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்று சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு பேங்க்காரனாக நான் படித்த விண்ணப்பங்களிலேயே மனசைத் தொட்டது அதுதான். பிராமணர் முதல் பறையர் வரை எந்தச் சாதி யாத்ரீகர் வந்தாலும் சோறு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் மசாலா சாமானும். நடுராத்திரி வரைக்கும் பந்தி. அப்புறம் ஒரு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லிக் கூப்பிட்டு, மிச்சம் இருக்கிற சோற்றையும் போடுவார்கள். வழியில் காய்ச்சல் கண்டவருக்கு வைத்தியர். கைக்குழந்தைக்குப் பால். சத்திரத்தில் பிள்ளை பெற்றவளுக்கு மூணு மாசம் பராமரிப்பு. அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளுக்குப் படிப்பு. இதையெல்லாம் வரிசையாகச் சொல்லித்தான் ராஜா கேட்டார். சத்திர நிர்வாகமும் ராஜா கையிலேயே தங்கியது.

முத்தாம்பாள் சத்திரத்திலும் சாப்பாடு, வைத்தியம், பள்ளிக்கூடம் எல்லாம் நடந்தது. அந்தக் காலத்திலேயே இங்கிலீஷ் உட்படப் பல மொழி சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம். பின்னாளில் மாணவர் விடுதியாகவும் இருந்திருக்கிறது. 'அரசவையில் ஆசைநாயகியின் செல்வாக்கு' என்று தலைப்புக் கொடுத்தால் நாம் சதி, விஷம், கிரீடம் என்று கற்பனை பண்ணுவோம். சினிமா பார்த்த பழக்கம் :-) எங்க ஊர் ஆசைநாயகியின் செல்வாக்கு சோறாகவும் படிப்பாகவும் இருந்தது.

ஆனால் ஒன்று. முத்தாம்பாள் என்ன நினைத்தாள், எப்படிப் பேசினாள் என்பதற்கு அவள் கையால் எழுதிய ஒரு வரி நம்மிடம் இல்லை. அவள் விஷயத்தில் பேசியதெல்லாம் ராஜாதான்.

அதே அரண்மனையில் இரண்டு தலைமுறைக்கு முன்னால் ஒருத்தி பேசியிருக்கிறாள். முத்துப்பழனி. பிரதாபசிம்ம மகாராஜா காலம், 1739 முதல் 1763 வரை. அரசர் மராட்டியர், ஊர் தமிழ் ஊர், அரண்மனைக் கவிதை தெலுங்கு, சாஸ்திரம் சமஸ்கிருதம். இன்றைக்கு நம்ம பெங்களூர் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் மீட்டிங் மாதிரிதான்.

முத்துப்பழனியின் பாட்டி தஞ்சைநாயகியும் அதே அரண்மனையில் கலைகளில் பேரெடுத்தவள். பேத்தி ராஜாவின் ஆசைநாயகியானாள், கவிஞரும் ஆனாள். ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் கொண்டுவந்திருக்கிறாள். பெரிய படைப்பு 'ராதிகா சாந்த்வனமு', நாலு பகுதி, 584 பாடல். ராதையைச் சமாதானப்படுத்துதல் என்று அர்த்தம்.

கதையைக் கேளுங்க. ராதை, இளா என்கிற பெண்ணை வளர்க்கிறாள். அவளைக் கண்ணனுக்குக் கல்யாணம் செய்து கொடுப்பதும் ராதையே. புதுப்பெண்ணுக்குப் புத்தி சொல்லி அனுப்புகிறாள். அனுப்பிவிட்டுத் தன் கண்ணனை இழந்த வேதனையில் வேகிறாள். கோபம், பொறாமை, அழுகை. கடைசியில் கண்ணன் வந்து கெஞ்சிச் சமாதானப்படுத்துகிறான். நம்ம கதைகளில் எப்போதும் பெண்தானே கெஞ்சுவாள்? இதில் ஆண் கெஞ்சுகிறான். பெண் தன் ஆசையைத் தானே சொல்கிறாள். பாட்டி, பேத்தி, ராஜா மூவருக்கும் நடுவில் அரண்மனையில் நடந்ததன் நிழல் இந்தக் கதையில் விழுந்திருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு.

நூலின் முகப்பில் முத்துப்பழனி தன்னைப் பற்றியும் எழுதியிருக்கிறாள். மற்ற கவிஞர்கள் அப்பா, தாத்தா என்று வம்சம் சொல்வார்கள். இவள் பாட்டி, அம்மா என்று பெண் வழியையும் சொல்லிப் பெருமைப்படுகிறாள். தன்னைப் போலப் பண்டிதர்களுக்குப் பரிசு கொடுத்த, காவியங்களைக் காணிக்கையாகப் பெற்ற இன்னொரு பெண் உண்டா என்று கேட்கிறாள். கணவன் பேரில் வாழ்ந்த அரண்மனைப் பெண்ணால் சொல்ல முடியாத வரி அது. படிப்பு, சொத்து, பெண் வாரிசு மூன்றும் இந்த ஆடல் மகளிர் குலத்துக்கு இருந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் இருந்தது. ராஜா முகம் திருப்பினால் நாளைக்கு என்ன என்று தெரியாத வாழ்க்கை. சுருக்கமாகச் சொன்னால் வருமானம் உண்டு, கேரண்டி கிடையாது.

ஒரு ஒப்பீடு. அதே நேரத்தில் பிரான்சில் பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி மேடம் பொம்பதூர் கொடிகட்டிப் பறந்தாள். 1745-ல் அரண்மனைக்குள் வந்தவள், 1764-ல் சாகும் வரை அங்கேதான். ஆஸ்திரியாவோடு 1756-ல் நடந்த கூட்டணி வரை அவள் கை இருந்தது. செவ்ர் பீங்கான் ஆலையை வளர்த்தவள். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சாவூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டைக்குள் பிரதாபசிம்மர். அந்த வருஷம் வெர்சாயில் ஒரு ஆசைநாயகி, தஞ்சையில் ஒரு ஆசைநாயகி. பிரான்சுக்காரியின் படமும் கடிதமும் நாற்காலியும் கூட மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. தஞ்சாவூர்க்காரி எழுதிய புத்தகத்துக்கு என்ன ஆச்சு?

1887-ல் அது அச்சில் வந்தது. ஆனால் முகப்பில் அவள் தன் குலத்தைச் சொன்ன பாடல்களைப் பதிப்பித்தவர் எடுத்துவிட்டார். இன்னும் சில பாடல்களும் போச்சு. அதாவது பாட்டு இருக்கும், பாடினவள் விலாசம் இருக்காது.

இங்கேதான் நம்ம பெங்களூர் உள்ளே வருகிறது. நாகரத்தினம்மாள் 1878-ல் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். அம்மா புட்டலட்சுமி தேவதாசி. ஆதரித்த வக்கீல் கைவிட்டார். மகளுக்குச் சமஸ்கிருதமும் சங்கீதமும் சொல்லிவைப்பதே அம்மாவின் வைராக்கியம். பெங்களூரில் பாட்டும் நாட்டியமும் படித்து, இங்கேயே பேரெடுத்து, அப்புறம் சென்னைக்குப் போனார். சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் இவர்தான் என்பார்கள். எங்க இனத்துக்கு (பேங்க் இனம்!) இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன?

அவர் கைக்கு முத்துப்பழனி கிடைத்தாள். அச்சான பிரதியில் இருந்த ஓட்டைகளைப் பார்த்து, ஏட்டுப் பிரதியைத் தேடிப் பிடித்து, விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து 1910-ல் வாவிள்ள அச்சகம் வழியாக வெளியிட்டார். ஆந்திரத்தின் பெரிய சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் இந்தக் கவிஞரை விபச்சாரி என்கிற ரீதியில் திட்டியிருந்தார். பெண் எழுதக்கூடிய விஷயமா என்பது கேள்வி. நாகரத்தினம்மாள் விடவில்லை. வெட்கம் பெண்களுக்கு மட்டும்தான் சொந்தமா, ஆண் கவிஞர்கள் இதைவிடப் பச்சையாக எழுதியதையெல்லாம் நீங்களே பதிப்பிக்கவில்லையா என்று திருப்பிக் கேட்டார். புகார் போனது. அரசாங்கம் ஆபாசம் என்று முடிவு கட்டிப் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. தங்குடூரி பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த 1946-47 காலத்தில்தான் தடை நீங்க வழி பிறந்தது. புத்தகம் மறுபடி வந்தது 1952-ல். அதே வருஷம் மே மாதம் நாகரத்தினம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நடுவில் அவர் செய்த இன்னொரு வேலை நமக்கெல்லாம் தெரியும். தியாகராஜர் சமாதி புதர் மண்டிக் கிடப்பதாக குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய கடிதம் பார்த்து, தன் சொத்தைப் போட்டு நிலம் வாங்கி, 1921-ல் வேலை ஆரம்பித்து, 1925-ல் கோயிலாக்கினார். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று இரண்டு கட்சிகளும் சொன்னபோது 'பெண்கள் கட்சி' என்று மூன்றாவதாக ஒன்று ஆரம்பித்தார். பிறகுதான் எல்லாம் ஒன்றாகி இன்றைக்குப் பஞ்சரத்தினம் பாட ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காருகிறார்கள். தியாகராஜர் சமாதிக்குப் பக்கத்திலேயே அவருக்கும் சமாதி, தியாகராஜரைப் பார்த்து உட்கார்ந்த மாதிரி ஒரு சிலை.

இதையெல்லாம் ரொமான்டிக்காக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த முறைக்குள்ளேயே பிறந்து, அதை ஒழிக்கப் பாடுபட்ட மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் எங்க ஜில்லாதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அம்மாவும் அந்தக் குலம். 1947-ல் சட்டம் வந்தது நியாயமே. நாகரத்தினம்மாள் அதை எதிர்த்தவர். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்களைப் பற்றி முடிவு பண்ணுகிறீர்களே என்பது அவர் தரப்பு. இரண்டு பக்கமும் நியாயம் இருந்த சண்டை அது.

சரி, சுருள் முடியப் போகிறது. எங்க வீட்டுக்கு வருகிறேன்.

எங்க தாத்தாவுக்கு நெல் மண்டி. வீட்டில் அப்பாயி. முத்தாம்பாள் சத்திரத்துக்குப் பின்னாடி ஒரு சந்தில், ஓட்டு வீட்டில், இன்னொருத்தி. பிள்ளை கிடையாது. எங்க வீட்டில் அவளுக்குப் பேர் கிடையாது. "சத்திரம்" என்பார்கள். "இன்னைக்கு சத்திரத்துலதான் சாப்பாடு போலிருக்கு" என்றால் தாத்தா அங்கே போயிருக்கிறார் என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகள் நாங்கள் சத்திரத்தாயி என்போம், பெரியவர்கள் காதில் விழாமல்.

1991-ல் தாத்தா செத்துப்போனார். எனக்குப் பதினொரு வயது. சத்திரத்தாயி வந்தது ஞாபகம் இருக்கிறது. பந்தலுக்குள்ளே வரவில்லை. தெருமுனைப் புளியமரத்தடியில் நின்றிருந்தது. பாடை அந்தப் பக்கம் போகும்போது கும்பிட்டது. வாய்விட்டு அழக்கூட இல்லை. அழுகிறதுக்கும் உரிமை வேணும் போலிருக்கிறது.

அந்தத் தை அறுவடையில் அப்பாயி என்னைக் கூப்பிட்டு ஒரு மரக்கால் அரிசியைப் பையில் கட்டிக் கொடுத்தது. "சத்திரத்துல குடுத்துட்டு வா. அப்பன்கிட்ட சொல்லாத." வருஷா வருஷம் நான்தான் கொண்டுபோவேன். ஒரு தடவை, "ஏன் அப்பாயி அவங்களுக்குக் குடுக்கற?" என்று கேட்டேன். "உங்க தாத்தன் பண்ணினதுக்கு அவ என்னடா பண்ணுவா? பசின்னு ஒண்ணு இருக்குல்ல" என்றது. அவ்வளவுதான் அப்பாயி பேசியது. கோபம் இல்லாமல் இல்லை. பை கட்டும்போது முடிச்சை இறுக்கும் பாருங்க, அதிலேயே தெரியும்.

பி.காம் முடித்துவிட்டு பேங்க் பரிட்சைக்குக் கோச்சிங் சேரத் திருச்சிக்குப் போகணும். வீட்டில் காசில்லை. மண்டி எப்போதோ போய்விட்டது. அரிசி கொடுக்கப் போன இடத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் சத்திரத்தாயி மூவாயிரம் ரூபாயை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தது. காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி இருந்தது. "வேலைக்குப் போயி எனக்குக் குடுக்க வேணாம். ஒங்க அப்பாயிக்கு நல்ல பொடவையா எடுத்துக் குடு" என்றது.

2009-ல் எனக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்கப் போகும்போது அப்பா சொன்னார், "சந்துக்குள்ள போவாத." நான் போகவில்லை. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது, பேங்க்கில் ஆபீசர். நினைத்திருந்தால் போயிருக்கலாம். அப்பா மேல் பழி போட இதில் ஒன்றும் இல்லை.

எங்க பக்கம் மொய் என்பது கடன். நோட்டுப் போட்டு எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். அந்த மொய் நோட்டு இப்போது பெங்களூரில் என் பீரோவில்தான் இருக்கிறது. ஊர், பேர், அப்பா பேர், தொகை என்று வரிசையாக நானூறு சொச்சம் வரி. அதன் நடுவில் ஒரு வரி இப்படி இருக்கிறது: சத்திரம் – 101. ஊர் இல்லை, பேர் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறது. எழுதினவருக்கு யார் என்று தெரியும். பேர் எழுதத்தான் கை வரவில்லை.

2011-ல் சத்திரத்தாயி செத்துப்போன தகவலே எனக்கு ஒரு மாசம் கழித்துத்தான் தெரியும். அந்த 101 இன்னும் திருப்பிச் செய்யாமல் நிற்கிறது. பேர் தெரியாத வரவை நாங்கள் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போடுவோம். அங்கே ரொம்ப நாள் வைக்கக் கூடாது என்பது விதி.

பிராஞ்சில் இப்படி ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இறந்தவர் கணக்கைக் கேட்டு ஒரு அம்மா வருவார்கள். ஃபாரத்தில் 'இறந்தவருக்கு என்ன உறவு' என்கிற இடத்தில் பேனா நின்றுவிடும். நாமினியாக ரத்த உறவுதான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, யாரை வேண்டுமானாலும் போடலாம். அந்த மனுஷன் உயிரோடு இருக்கும்போது ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். போட்டிருக்க மாட்டார். சரபோஜி தன் முத்தாம்பாளுக்கு ஊரறியக் கல்லில் கட்டினார். நம்ம ஆட்களுக்கு ஒரு காகிதத்தில் பேர் எழுதத் தைரியம் இல்லை.

குன்றிலிருந்து வந்ததும் தங்கமணியிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சார்ட்டை கிளாஸ்ல மாட்டுவாங்க. உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்பட மாட்டாரா? சரி, அதை விடுங்க. அந்தம்மா பேரென்ன?" என்றாள்.

எனக்குத் தெரியாது. பத்து வருஷத்துக்கு மேல அரிசி கொண்டுபோனேன், தோடு விற்ற காசில் படித்தேன், பேர் தெரியாது.

ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். எழுபத்தாறு வயது. சுற்றி வளைத்துக் கேட்டேன். "இதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று வைத்துவிட்டார். நான் தப்புப் பண்ணிவிட்டேனோ என்று தூக்கமே இல்லை. காலையில் ஆறு மணிக்கு அவரே கூப்பிட்டார். ஹலோகூடச் சொல்லவில்லை. அந்தப் பேரை மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு டைபாய்டு வந்தப்ப ஆஸ்பத்திரியில பதினோரு நாள் அதுதான் கூட இருந்துச்சு. ஒங்க அப்பாயிதான் வரச் சொல்லுச்சு" என்றார். நாற்பத்தைந்து வருஷத்தில் எனக்குத் தெரியாத கதை.

மகளிடம் உட்கார்ந்து, அவள் வயசுக்குத் தகுந்த மாதிரி சொன்னேன். தாத்தாவோட அப்பாவுக்கு இன்னொரு வீடு இருந்தது, அந்த வீட்டில் இருந்தவங்களை நாம யாரும் சரியா நடத்தலை, அவங்கதான் அப்பாவைப் படிக்க வைத்தாங்க. அவள் ரொம்ப நேரம் சார்ட்டைப் பார்த்துவிட்டு, "கோடு எங்கேர்ந்து போடணும்? உங்க தாத்தாகிட்டேர்ந்தா, உங்ககிட்டேர்ந்தா?" என்றாள். நான் யோசித்திருக்கவில்லை. "ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் போடு" என்றேன். போட்டோ இல்லாததால் பெட்டிக்குள் சின்னதாக ஒரு தோடு வரைந்துவிட்டாள். பேரை இங்கே எழுதவில்லை. அந்தச் சந்தில் அவங்க சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் எழுதுவது முறை இல்லை. சார்ட்டில் முழுசாக இருக்கிறது.

டீச்சர் ஒன்றும் கேட்கவில்லையாம். நல்லா இருக்குன்னு மட்டும் சொன்னாராம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது 101 ரூபாயைத் திருப்பிச் செய்ய வேண்டும். யார் வீட்டு விசேஷத்தில் என்றுதான் தெரியவில்லை. அப்பாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சந்துக்குள் அவர் போய் முப்பது வருஷத்துக்கு மேல இருக்கும்.